விடுப்புச் சீட்டில் காரணம் கேட்கும் கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டி ஆண்டுதோறும் நாளிதழ்களின் சேலம் பதிப்பில் ஒரே மாதிரியான படங்களைப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு தொழிற்கூடத்தின் வாசலில் ஊழியர்கள் வரிசையாக நின்று, சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்தி, கையை நீட்டி உறுதிமொழி ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அந்தப் படங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வரிசையிலேயே, தன் நிலையை யாரிடமும் சொல்ல முடியாத ஒருவரும் கை நீட்டி நின்றிருக்கலாம். அவர் மறுநாள் காலை மாத்திரை வாங்கப் போவதற்கு அரை நாள் விடுப்புக் கேட்டால் அந்தத் தொழிற்கூடம் என்ன கேள்வி கேட்கும் என்பதுதான் என் கவலை. ஒரு நிறுவனம் எச்.ஐ.வி. விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய வேண்டுமானால் அதன் வாசலில் கட்டிய பேனரைப் பார்ப்பதைவிட அதன் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது என்று, அந்தப் பதிவேட்டைப் பல்லாண்டுகள் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சேலத்து நூற்பாலை ஒன்றில், வருகையையும் விடுப்பையும் பதியும் டைம் ஆபீஸில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஒரு விசைத்தறிக் கூடம், ஒரு வெள்ளிப் பட்டறை, ஒரு லாரி ஆபீஸ் ஆகிய மூன்று இடங்களுக்கு வருகைப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளை எழுதிக் கொடுத்து வருகிறேன். கீழே சொல்லப்போகும் சம்பவத்தில் தவறு செய்தவன் நானே. சம்பந்தப்பட்டவரின் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2008-ஆம் ஆண்டு, நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் உள்ள பகுதியில் இழைகளைக் கவனிக்கும் சைடர் ஒருவர் மாதந்தோறும் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்கத் தொடங்கினார். ஓடிக்கொண்டிருக்கும் கதிர்களில் இழை அறுந்த இடத்தைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் விரலால் ஒட்டிவிடும் கைப்பழக்கம் உள்ளவர். அப்படி ஒருவரைப் பழக்கியெடுக்க மாதக்கணக்கில் ஆகும். எங்கள் விடுப்புச் சீட்டில் பெயர், டோக்கன் எண், தேதி ஆகியவற்றுக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுப்பார். நான்காவது மாதம் நான் அவரை நிறுத்தி, மாதாமாதம் அதே நாளில் வருகிற சொந்த வேலை என்ன, அதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். "காரணம் எழுதியே ஆகணுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கேட்கவில்லை, ரூல் கேட்கிறது என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் எனக்குக் கூசுகிறது. ஏனென்றால் அப்படி ஒரு ரூல் எங்கள் நிலையாணைகளில், அதாவது மில்லின் வேலை விதிகளில், இருந்ததா என்று நான் ஒருபோதும் பார்த்ததில்லை. சீட்டை அச்சடித்தவர் ஒரு கட்டம் போட்டிருந்தார், நான் அதை நிரப்பச் சொன்னேன், அவ்வளவுதான்.

மறுநாள் நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அரசு மருத்துவமனையின் சீட்டு அது, எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. எல்லாச் சீட்டுகளுக்கும் செய்வதைப் போலவே அதை விடுப்புச் சீட்டோடு குண்டூசி குத்தி, மேற்பார்வையாளர் கையெழுத்துக்குப் போகும் தட்டில் வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் அந்தத் தட்டை எடுத்துப் போகும் பையன் முதல் கையெழுத்துப் போடுபவர் வரை நான்கு பேர் கைகளில் அது புரண்டது. மதியம் 2.30 மணி ஷிப்ட் மாறும்போது செய்தி ரிங் பிரேம் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் கழிவுப் பஞ்சைக் கெரசினில் நனைத்து, அவர் கை பட்ட இடங்களை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார். அந்தக் காலத்துச் சுவர்களில் எல்லாம் எழுதியிருந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரத்தின் நினைவில் அவருக்குப் 'புள்ளிராஜா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நோயைப் பற்றி ஊரைப் பேசவைத்த விளம்பரம் அது என்பதை மறுக்க முடியாது; ஆனால் ஒரு தனிமனிதரின் முதுகில் ஒட்டுவதற்கு ஒரு பெயரையும் அது ஊருக்குக் கொடுத்துவிட்டது.

மில் நிர்வாகம் அவரை நீக்கவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவுமில்லை. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். 11 நாட்கள் அவர் பெயருக்கு நேரே, வரவில்லை என்பதைக் குறிக்கும் 'ஆ' போட்டேன். பின்னர் பெயரை அடித்துவிட்டு, பி.எஃப். கணக்கை முடிக்கும் படிவத்தில் வேலையை விட்டதற்கான காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று நானே எழுதினேன். அவர் எழுதியபோது போதாது என்று நான் திருப்பிய அதே காரணம், மில்லுக்குத் தேவைப்பட்டபோது போதுமானதாக இருந்தது.

இத்தனைக்கும், அவர் இரண்டாம் ஷிப்டிலோ இரவு ஷிப்டிலோ இருந்திருந்தால் காலையில் மருத்துவமனைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருக்கலாம், விடுப்பே தேவைப்பட்டிருக்காது. ஷிப்ட் பட்டியலை எழுதுவதும் நான்தான். அந்த ஒரு வாரத்துக்கு அவர் பெயரை ஒரு கட்டம் தள்ளி எழுதியிருந்தால் போதும். பிற்பாடு வந்த சட்டம் 'நியாயமான வசதி' என்று சொல்வது இதைத்தான். பெரிய செலவு என்று நினைத்துப் பயப்படும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்பது 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. தொற்று இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு வேலை தர மறுப்பதையும், வேலையிலிருந்து நீக்குவதையும், வேலையில் பாரபட்சம் காட்டுவதையும் அது தடை செய்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதும் தடை. ஒருவரை நீக்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நிறுவனம் சொல்லுமானால், அவரால் பிறருக்குத் தொற்று பரவும் கணிசமான ஆபத்து உண்டு அல்லது அவர் அந்த வேலையைச் செய்யத் தகுதியற்றவர் என்று, நிறுவனத்தைச் சாராத தகுதியுள்ள மருத்துவர் எழுத்தில் மதிப்பிட்டிருக்க வேண்டும். அவருக்கு நியாயமான வசதி செய்து தருவதில் தனக்குள்ள நிர்வாகச் சிரமத்தை அல்லது பணச் சிரமத்தை முதலாளியும் எழுத்தில் கூற வேண்டும். இரண்டின் நகலையும் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். தறி ஓட்டுபவரோ கணக்கெழுதுபவரோ கொலுசுக்குக் கண்ணி கோப்பவரோ தன் வேலையின் மூலம் இந்தத் தொற்றைப் பரப்புவார் என்று எழுதித்தரக்கூடிய மருத்துவர் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1997-இல், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் நிரந்தர வேலை மறுக்கப்பட்ட ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில், வேலைக்குத் தகுதியாக உள்ள ஒருவரைப் பிறருக்கு ஆபத்து இல்லாத நிலையில் எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெயரில்கூடத் தொழிலாளியின் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. இரு தரப்பையும் எழுத்துகளால் மட்டுமே குறித்தார்கள். ஒரு உயர் நீதிமன்றம் அத்தனை பத்திரமாகப் பொத்திவைத்த ஒன்றை நான் குண்டூசி குத்தித் தட்டில் வைத்தேன்.

தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ கொசுக் கடியாலோ இது பரவாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கெரசின் பஞ்சால் மெஷினைத் துடைத்தவருக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. மில்லில் அதற்கு முந்தைய ஆண்டு நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். ஆகவே இன்னொரு கூட்டம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஆனால் சிகிச்சையைப் பற்றி இன்னும் பல முதலாளிகளுக்குத் தெரியவில்லை என்பதால் அதைச் சொல்லத்தான் வேண்டும். 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. தொற்று உறுதியானால், நோய் முற்றும்வரை காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2017 முதல் கொள்கை. பெரும்பாலானோருக்கு இப்போது மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தவறாமல் உட்கொள்பவர் எய்ட்ஸ் என்ற நிலைக்குப் போகாமலே ஏறத்தாழ முழு ஆயுளும் உழைத்து வாழலாம். ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே தொடர்ந்து இருந்தால், உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் அடிக்கடி மாத்திரை தவறினால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போய்விடும். அதனால்தான் மாதத்துக்கு 30 மாத்திரையில் ஒன்றுக்கு மேல் விட்டுவிடாதீர்கள் என்று மையத்தில் ஆலோசகர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆக, அரசே மருந்து தருகிறது, அரசே பரிசோதனை செய்கிறது. முதலாளியிடமிருந்து வேண்டியிருப்பது ஒரு காலைப்பொழுது மட்டுமே. அந்தக் காலைப்பொழுதை மறுக்கிற முதலாளி, தனக்கு மருந்துச் செலவே இல்லாமல் நலமாக இருந்து வேலை செய்யக்கூடிய ஒரு கைதேர்ந்த தொழிலாளியைத் தானே நோயாளியாக்கிக்கொள்கிறார்.

2013-ஆம் ஆண்டு ஒரு நாள் சேலம் புதிய பஸ் நிலையத்தில், ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தில், அந்தச் சைடரை மறுபடி பார்த்தேன். நான் ஒதுங்கிப் போக நினைத்தேன். அவராகவே வந்து பேசினார். உடம்பு தேறியிருந்தது. மலையில் ஒரு காபித் தோட்டத்தில், பழம் அரைக்கும் பல்பரையும் உலர் களத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதாகச் சொன்னார். கையில் பம்ப் செட் சாமான்கள் அடங்கிய ஒரு மூட்டை. மாத்திரைக்குப் போவது எப்படி என்று தயக்கத்தோடு கேட்டேன். தோட்டத்து ரைட்டர், அதாவது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுபவர், முதல் மாதமே, "எந்தத் தேதி வேணும்னு மட்டும் சொல்லு, அன்னிக்குத் தோட்டத்துக்குச் சாமான் வாங்கவும் நீயே போயிட்டு வா" என்று சொல்லிவிட்டாராம். மாதம் ஒருமுறை அவர் சேலத்துக்கு இறங்குவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உரமோ பெல்ட்டோ போல்ட்டோ வாங்கத்தான் போகிறார் என்றும் தெரியும். ரைட்டருக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். "தெரியுமோ என்னமோ சார், அவரு கேக்கலீங்க" என்றார்.

பேச்சினூடே சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார். மாத்திரை டப்பா உள்ளே இருந்தது, சத்தமே வரவில்லை. குலுங்கினால் கேட்டுவிடும் என்று உள்ளே பஞ்சு வைத்து அடைத்திருந்தார். மில்லில் இருந்தபோது பழகிய வழக்கம் என்றும், அங்கே பஞ்சுக்கா பஞ்சம் என்றும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ரைட்டர் எந்தப் பயிலரங்குக்கும் போனவரல்லர். அந்தத் தோட்டத்தில் எச்.ஐ.வி. கொள்கை என்று ஒரு காகிதமும் கிடையாது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட பணியிடக் கொள்கையும், பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 2010-இல் நிறைவேற்றிய 200-ஆம் பரிந்துரையும் பக்கம் பக்கமாக வலியுறுத்துகிற இரண்டையும், அதாவது ரகசியம் காப்பதையும் வேலையில் நீடிக்க வைப்பதையும், அவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் மூலம் செய்து முடித்துவிட்டார். தோட்டத்துக்கும் நட்டமில்லை, பம்ப் செட் சாமான் வந்து சேர்ந்தது.

எல்லாத் தோட்டங்களிலும் இப்படி ஒரு ரைட்டர் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமோ செம்மநத்தம் பக்கமோ இருந்து ஒருவர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டுமானால், ஏற்காட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பெயர் பதிந்து, ஆலோசகரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அங்கே அரை நாள் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நவம்பரில் தொடங்கும் காபிப் பழப் பறிப்புக் காலத்தில் கிலோக் கணக்கில்தான் கூலி; ஒரு நாள் இறங்கினால் அந்த நாளின் கூலியும் போய், பஸ் கட்டணமும் போகும். அதனால் பறிப்புக் காலத்தில் மாத்திரையைத் தள்ளிப்போட நினைப்பது இயற்கை. உடல்நிலை நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் முறை இப்போது உண்டு. அது பெரிய உதவி. ஆனால் அதைக் கேட்டுப் பெறவும் முதலில் ஒருமுறை இறங்கத்தான் வேண்டும். சில அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மாத்திரை தரும் இணைப்பு மையங்களும் இருக்கின்றன. ஆனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அருகில் இருப்பதை விட்டுத் தொலைவில் இருக்கும் மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்ட காலத்திலிருந்தே தொழிலாளர்களின் மருத்துவ வசதி தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக இருந்து வருகிறது. அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியாக, மாதத்தில் ஒரு நாள் எந்த நோய்க்காகவும் சேலம் மருத்துவமனைக்குப் போக விரும்புவோர் எல்லோருக்கும், காரணம் கேட்காமல், கூலியோடு ஒரு நாளும் கீழிறங்க ஒரு வண்டியும் தோட்டங்கள் ஏற்பாடு செய்யலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குவோரும் அதே வண்டியில்தான் வருவார்கள் என்பதால் யார் எதற்கு வருகிறார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

சங்ககிரி லாரிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொற்றை லாரித் தொழிலோடு ஒட்டிவிட்ட பழி இன்னும் நம் பக்கத்தில் போகவில்லை. டிரைவர் என்று சொன்னாலே ஒரு பார்வை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழியினாலேயே நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளவும் அவர்கள் தயங்குகிறார்கள். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போன வண்டி, திரும்ப லோடு கிடைக்காமல் அங்கேயே நின்றால், மாத்திரை வாங்க வேண்டிய தேதி கடந்துவிடும். முன்பு கொடுத்த மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்து பலருக்குத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தந்தது. இரவெல்லாம் ஓட்டுகிற டிரைவர்கள் அதற்குப் பயந்து மாத்திரையை விட்டதும் உண்டு. இப்போது பெரும்பாலும் தரப்படும் டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. வெளியூரில் மாட்டிக்கொண்டால் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்கால மாத்திரை பெறலாம். இந்த விவரங்களை ஒரு தாளில் அச்சடித்து, 1097 என்ற இலவச உதவி எண்ணையும் சேர்த்து, எல்லா டிரைவர்களுக்கும் ஆர்.சி. புத்தக நகலோடு கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் கொடுப்பதுதான் முக்கியம். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் அதுவே அறிவிப்பாகிவிடும்.

வெள்ளிப் பட்டறைகளில் கேட்கப்படும் கேள்வி வேறு: கம்பி இழுக்கும்போதும் வெட்டும்போதும் விரலில் ரத்தம் வருமே, அப்போது என்ன செய்வது? செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரரே என்னிடம் இதைக் கேட்டார், நியாயமான கேள்விதான். யாருடைய ரத்தமாக இருந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் அதற்கு விடை. முதலுதவிப் பெட்டியில் ரப்பர் கையுறை இருக்க வேண்டும்; காயத்தைக் கழுவிக் கட்டுப்போட வேண்டும்; சிந்திய ரத்தத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் துடைக்க வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமியும் ரத்தத்தின் வழியாகப் பரவும் என்பதால், எச்.ஐ.வி. என்ற பேச்சே இல்லாவிட்டாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். இப்படி நடக்கிற பட்டறைக்கு, யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எழாது.

உண்மையிலேயே வேலையினால் ஆபத்து உள்ளவர்கள் நம் ஊரில் வேறு இடத்தில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தனியார் மருத்துவமனைகளிலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் ஒப்பந்த முறையில் துப்புரவு செய்கிற பெண்களின் கையில், குப்பைப் பையிலிருந்து ஊசி குத்துகிறது. அப்படிக் குத்தினால் கூடிய விரைவில், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். பாதுகாப்புச் சாதனங்களையும் பயிற்சியையும் இந்தத் தடுப்பு மருந்தையும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஊசி குத்தியதைச் சொன்னால் ஒப்பந்தக்காரர் நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, சேலை முந்தானையில் விரலைச் சுற்றிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 72 மணி நேரம் அப்படித்தான் கரைகிறது.

இன்னொரு பழக்கம் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. ஊழியர் நலன் என்ற பெயரில் பரிசோதனைக் கூடத்தை அழைத்துவந்து எல்லோருக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். எந்தெந்தப் பரிசோதனை என்று கை நீட்டுபவருக்குத் தெரிவதில்லை, முடிவுகளோ நேராக அலுவலகக் கணினிக்கு வந்துவிடுகின்றன. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. தெரிந்த விவரத்தை அவர் ஒப்புதலோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வெளியிடக் கூடாது. அப்படிப்பட்ட ஆவணங்களை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நல்லெண்ணத்தில் செய்தோம் என்பது இதற்குப் பதிலாகாது. நானும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தேன். நுரையீரல் காசநோய்க்குப் பரிசோதிக்கலாம், அதை நான் வரவேற்கிறேன். பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர் இருமினால் தூசி இருமல் என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை எல்லோருக்கும் சோதித்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் பலிகொள்ளும் நோயையும் அவர்களைத் தனியே காட்டிக்கொடுக்காமல் பிடித்துவிடலாம்.

100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும், மருத்துவ நிறுவனமானால் 20 பேர் இருந்தாலே, புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். நான் வேலை நிமித்தம் போய்வருகிற இடங்களில், தீயணைப்பு நிலையத்தின் எண்ணும் பாலியல் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலும் ஒட்டியிருக்கும் பலகையில், இந்தப் புகார் அலுவலரின் பெயரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவரிடம் தீராவிட்டால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குறைதீர்ப்பாளரின் உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனால் சேலத்தின் உழைப்பில் பெரும்பங்கு ஐந்து பேர், எட்டுப் பேர் உட்காரும் பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும்தான் நடக்கிறது. பாரபட்சம் காட்டக் கூடாது என்ற விதி அவர்களுக்கும் பொருந்தும்; ஆனால் புகார் சொல்ல அங்கே ஆளில்லை. கொலுசு உற்பத்தியாளர், தறி உரிமையாளர், லாரி உரிமையாளர், தோட்ட உரிமையாளர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒருவராகப் பொதுவான புகார் அலுவலரை அவர்கள் தாமாகவே நியமிக்கலாம். அவர் பட்டறைக்காரரின் மைத்துனராக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் தொழிலாளி நீண்டகால நோயால் வேலைக்கு வர முடியாமல் போனால், ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. அந்த நோய்களின் பட்டியலில் எய்ட்ஸும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யிலிருந்து தப்புவதற்காக, 10 பேர் வேலை செய்யும் கூடத்தில் ஒன்பது பேர் என்று கணக்குக் காட்டச் சொல்லும் முதலாளிகள், அந்தப் பத்தாவது ஆளிடமிருந்து எடுத்துக்கொள்வது என்ன என்பதை அறிந்திருக்க வேண்டும். அப்படி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்களும் உண்டு. இப்போது எழுதித் தருவதில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். நான் கணக்கெழுதும் மூன்று இடங்களிலும் விடுப்புச் சீட்டை மாற்றித்தர முதலாளிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், காரணம் கேட்காவிட்டால் ஆளுக்கு ஆள் லீவு போட்டுவிடுவார்களே என்று கேட்டார். நாட்களை எண்ணுவதற்குத்தானே பதிவேடு இருக்கிறது, விடுப்பு நாட்கள் மிகுந்தால் கூலியில் தெரிந்துவிடும் என்று சொன்னேன். அவரும் சரி என்றார். புதிய சீட்டில் பெயர், தேதி, கையெழுத்து ஆகிய மூன்று கட்டங்கள் மட்டுமே இருக்கும். சென்ற வாரம் அச்சகத்தில் கொடுத்தபோது, பழைய சீட்டில் இருந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே என்று அச்சகத்துக்காரர் கேட்டார். அது வேண்டாம் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் தெரிந்தால் நான் வேலை பார்த்த மில் தெரியும், மில் தெரிந்தால் அந்தச் சைடர் யார் என்பதை ரிங் பிரேமில் இருந்தவர்கள் இன்றும் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
அம்மாபேட்டை, சேலம்.